எங்கள் டெரியர் நாய்ச் சங்கத்தின் 2024 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஹட்டன், நானுஓயா, பண்டாரவளை என்று பல பக்கமிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முழுநிலாப் போயா தினங்களில் கூடினோம். மழையில் ரோடு அடைபட்ட இரண்டு மாதம் கூடவில்லை. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த வருடம் நம் அங்கத்தவர் வீடுகளில் இரண்டே ஈத்துகள்தான். போன வருடம் ஏழு. சங்கம் தூங்குகிறதா என்று சிலர் என்னிடமே கேட்டார்கள். தூங்கவில்லை. குட்டி குறைந்ததற்குக் காரணம் என் வீட்டு நாய். அதை இங்கே நின்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஜிம்மியை உங்களுக்குத் தெரியும். வம்சாவளியைச் சொல்லும் பெடிகிரி பத்திரத்தில் அவனுக்கு ஒரு முழு வரிக்கு ஆங்கிலப் பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்க மாட்டான். கொழும்புக் கண்காட்சியில் அவன் பரிசு வாங்கிய நாளிலிருந்து, அவன் சாதியான ஜாக் ரஸல் டெரியரில் பெட்டை வைத்திருந்தவர்கள் எல்லாரும் என் வாசலுக்கே வந்தார்கள். நானும் மறுக்கவில்லை. ஒரு குட்டி, இல்லாவிட்டால் அதற்கான காசு என்பது வழக்கம். வாங்கிக்கொண்டேன். நாலைந்து வருடத்தில் இந்தப் பக்கத்து ஜாக் ரஸல்களில் பாதிக்கு மேல் ஜிம்மியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகிவிட்டன.

பெப்ரவரியில் ஒருவர் தன் பெட்டையைக் கொண்டு வந்தார். பத்திரத்தைப் புரட்டினால் தாய்வழித் தாத்தா ஜிம்மி. தாத்தாவையும் பேத்தியையும் சேர்த்தால் பிறக்கும் குட்டிக்கு உறவுக்கலப்பு 12.5 சதவீதம். எட்டில் ஒரு மரபணு இடத்தில் ஒரே முன்னோரின் அதே பிரதி தாய் பக்கமிருந்தும் தகப்பன் பக்கமிருந்தும் வந்து சேரும் என்பது அதன் அர்த்தம். தலைமுறை தலைமுறையாக ஒளிந்திருக்கும் நோய் வெளியே வருவது அப்படித்தான். அன்று அவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தேன். கோபித்துக்கொண்டு போனவர் சந்தாவையும் இந்த வருடம் கட்டவில்லை.

அப்புறம் பேராதனையில் படித்த நம் மிருக வைத்தியர் சொன்னபடி, ஜிம்மியின் கன்னத்தின் உட்பக்கத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்து, மரபணுச் சோதனைக்கு வெளிநாட்டுக்கு அனுப்பினோம். முடிவு வந்தது. கண்வில்லை இடம் நழுவும் நோயின் மரபணு ஒரு பிரதி அவனிடம் இருக்கிறது. டெரியர்களில் தெரிந்த நோய்தான் அது. இரண்டு பிரதியும் கெட்டுப்போன நாய்க்குப் பெரும்பாலும் மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் வில்லையைப் பிடித்திருக்கும் நார்கள் அறுந்து, கண்ணில் அழுத்தம் ஏறி, வலியோடு பார்வை போகும். ஒரு பிரதி மட்டும் உள்ள ஜிம்மியைப் போன்றவை பெரும்பாலும் சுகமாகவே இருக்கும். அதனால்தான் வெளியில் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பரிசு கொடுத்த ஜட்ஜாலும் முடியாது.

ஜிம்மியை இனி ஒதுக்கிவிட வேண்டுமா என்று ஜூன் கூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். என் கருத்து அன்றும் இன்றும் ஒன்றுதான். இந்தத் தீவில் இருக்கிற டெரியர்களே கொஞ்சம். நோய்ப் பிரதி உள்ளதையெல்லாம் தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பவை இன்னும் நெருங்கிய சொந்தமாகிவிடும். சோதனையில் சுத்தம் என்று தெரிந்த பெட்டையோடு சேர்த்தால் குட்டிகளில் சுமார் பாதி நோய்ப் பிரதியைச் சுமக்கும், ஆனால் ஒன்றுக்கும் இரண்டு பிரதி வராது. இரண்டு பக்கமும் சுமக்கும்போதுதான் நாலில் ஒன்றுக்கு நோய் என்ற கணக்கு வருகிறது. ஆகவே முடிவு இப்படி: சோதனை இல்லாமல் சேர்க்கை இல்லை, எந்தக் கடுவனும் வருடத்துக்கு இரண்டு பெட்டைக்கு மேல் இல்லை. பெட்டைக்கு இரண்டு வயது நிறைய வேண்டும். நாய்களைப் பதிவு செய்யும் பிரித்தானிய கெனல் கிளப் ஒரு பெட்டைக்கு நாலு ஈத்துக்கு மேல் பதிவதில்லை. நாம் மூன்றோடு நிறுத்துகிறோம். ஜிம்மி இப்போது ஓய்வில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் வழக்கம் போல லீக்ஸ் பாத்தியைத் தோண்டுகிறான்.

இரண்டு ஈத்தில் ஒன்று நானுஓயாவில், ஜனவரிக் குளிரில். காலையில் புல்லில் உறைபனி. பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. முதல் வாரம் பெட்டிக்குள் 30 பாகை அளவுக்குச் சூடு வேண்டும். அடுப்படியில் வைத்தால் சூடு கிடைக்கும், புகையும் கிடைக்கும். அதனால் அந்த வீட்டுக்காரர் பல்பு தொங்கவிட்டார். மூன்றாம் ராத்திரி கரண்ட் போனது. வெந்நீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி, மணிக்கொரு தரம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வீட்டுக்கார அம்மா விடியும்வரை உட்கார்ந்திருந்தார். ஐந்தில் ஒரு குட்டி தவறியது. மற்ற நாலும் தினமும் சமையல் தராசில் ஏறி இறங்கி வளர்ந்தன. அந்த நிறைக் கொப்பியை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று இங்கே மேசையில் வைத்திருக்கிறேன்.

எட்டு வாரத்துக்கு முன் ஒரு குட்டியையும் கொடுக்கவில்லை. வாங்க வந்தவர்களில் மூன்று பேரை நாமே திருப்பி அனுப்பினோம். ஒருவர் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு என்றார். இன்னொருவர் வீட்டில் பகல் முழுக்க ஆள் இல்லை. மூன்றாமவர் கோழிப் பண்ணைக்காரர், அதற்கு மேல் சொல்ல வேண்டாம். நரியின் பொந்துக்குள் இறங்கி அதை விரட்டி வெளியேற்றுவதற்கென்று இங்கிலாந்தில் உருவாக்கிய சாதி இது. மடியில் உட்காரும், ஆனால் மடியில் மட்டும் உட்காராது. கொடுத்த குட்டி எந்த வயதில், எந்தக் காரணத்துக்காகத் திரும்பி வந்தாலும் குட்டியைக் கொடுத்தவரே ஏற்க வேண்டும் என்று கையொப்பம் வாங்கியிருக்கிறோம். ராத்திரி நாயை வெளியே கட்டக் கூடாது என்பதும் அந்தத் தாளில் இருக்கிறது. தோட்டப் பக்கம் சிறுத்தை இறங்குவது புதுச் செய்தி அல்ல.

கண்காட்சிகளில் பெரிய வெற்றி இல்லை. ஒருவர் முந்தின நாள் கம்பிமுடி நாய்க்குக் கத்தரி போட்டுக் கொண்டுவந்தார். அந்த முடியைக் கையால் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். வெட்டினால் மென்மையாகி நிறமும் மங்கும். இன்னொரு நாயை ஜட்ஜ் முழங்கைக்குப் பின்னால் இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துப் பார்த்தார், விரல்கள் சேரவில்லை. பொந்துக்குள் போகிற நாயின் நெஞ்சுச் சுற்றளவு 40 முதல் 43 சென்ரிமீற்றர்தான் இருக்கலாம். அந்த நாய்க்கு ராத்திரிச் சாப்பாடு கொத்து ரொட்டியாம். கொழுப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், அதில் போடும் வெங்காயமும் லீக்ஸும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். தயவுசெய்து வேண்டாம்.

விசர்நாய்த் தடுப்பூசி நாளில் நம் நாய்களோடு தோட்டத் தொழிலாளர் லயத்து நாய்களும் டவுன் நாய்களும் வந்தன. வரிசையில் அதிகம் குரைத்தவை நம்முடையவை.

ஜிம்மியின் வழியில் வந்த நாய்கள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் நானே கடிதம் எழுதினேன். ஆறு வீட்டிலிருந்து இன்னும் பதில் இல்லை. அவர்களில் இருவர் இன்று நாயோடு வந்திருக்கிறார்கள், பின் வரிசையில் பார்க்கிறேன். பஞ்சுக் குச்சிகள் என் பையில் இருக்கின்றன. தேநீர் இடைவேளையில் எடுத்துவிடலாம். அதுவரை நாய்க்கு யாரும் பிஸ்கட் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
செயலாளர்