ஹெல்மெட் இன்டர்காம்: 1,200 மீட்டர் யாருக்குத் தேவை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைத் தள்ளுபடி தொடங்கினால், வண்டியில் போகிறவர்கள் ஒருவரோடொருவர் பேச ஹெல்மெட்டில் மாட்டும் புளூடூத் இன்டர்காம் விளம்பரங்களும் கூடவே வந்துவிடுகின்றன. ஐந்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு செட் எடுக்கலாம் என்று தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது மூன்று எண்கள்: 1,200 மீட்டர், 6 பேர், புளூடூத் 5-க்கு மேல் ஏதோ ஒரு புள்ளி. வாங்கியவர் பிறகு வருத்தப்படுவதும் பெரும்பாலும் இந்த மூன்றை நம்பியதால்தான்.

முதலில் அந்த மீட்டர் கணக்கு. வெட்டவெளியில், நடுவில் எந்தத் தடையும் இல்லாமல் இருவர் நிற்கும்போது கிடைக்கும் தூரம் அது. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது. அந்த அலை பாறையையோ லாரியையோ துளைத்துக்கொண்டு போகாது. மனித உடம்பில் இருக்கும் நீரே அதை நன்றாக உறிஞ்சிவிடும். செட் ஹெல்மெட்டின் இடது பக்கம் இருக்கும். நண்பர் வலது பக்கமாக வந்தால் உங்கள் தலையே நடுவில் தடுப்பாகிறது. ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் போகிற வண்டி ஒரு வளைவு திரும்பியதும் மலையே குறுக்கே வந்துவிடும். கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் அதேதான். கார்டோ நிறுவனம் தன் ஸ்பிரிட் செட்டுக்கு 400 மீட்டர் என்றுதான் போட்டிருக்கிறது. அதைவிட மலிவான செட் அதைப் போல மூன்று மடங்கு எட்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், அந்த எண்ணை வைத்து விலையை ஒப்பிடவே கூடாது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பலருக்குத் தேவை பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியோடோ தம்பியோடோ பேசுவதுதான். நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. அவர்கள் மீட்டருக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. இருவர் மட்டும் பேசும் எளிய செட் ஒரு ஜோடி போதும். மிச்சமாகும் பணத்தைப் பின்னால் உட்காருகிறவரின் ஹெல்மெட்டில் போடுங்கள். ஐ.எஸ். 4151 எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிற, வாய் மூடும் முழு ஹெல்மெட்டாக இருக்கட்டும். அரை ஹெல்மெட்டில் எந்த இன்டர்காமும் ஒழுங்காகக் கேட்காது.

'6 பேர்' என்பதில் உள்ள சிக்கல் வேறு. இணைத்து வைக்கக்கூடிய எண்ணிக்கை ஒன்று, ஒரே நேரத்தில் பேசக்கூடிய எண்ணிக்கை வேறொன்று. ஈஜியஸ் வி6 வகைச் செட்டில் ஆறு பேரைச் சேர்த்து வைக்கலாம், ஆனால் ஒரு சமயத்தில் பேசுவது இருவர்தான். அடுத்தவரோடு பேச பட்டனை அழுத்தி மாற்ற வேண்டும். நால்வர் சேர்ந்து பேச வேண்டுமானால் 'ஒரே நேரத்தில் நான்கு பேர்' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண புளூடூத் குழு சங்கிலி போன்றது: முதலாமவர் இரண்டாமவரோடு, இரண்டாமவர் மூன்றாமவரோடு. நடுவில் ஒருவர் பெட்ரோல் போட நின்றால் சங்கிலி அறுந்துவிடும். ஆளுக்கு ஆள் தானாக வழி மாற்றிக்கொள்ளும் மெஷ் செட்டில் இந்தத் தொல்லை இல்லை. விலை கூடும், அதோடு ஒரு கம்பெனியின் மெஷ் இன்னொரு கம்பெனியின் மெஷ்ஷோடு பொதுவாகச் சேராது. ஆகவே நண்பர்கள் குழு ஏதாவது ஒரு கம்பெனி என்று முடிவு செய்து சேர்ந்து வாங்குவதே நல்லது. வேறு கம்பெனி செட்டோடு சேர்க்க 'யுனிவர்சல்' என்றொரு வழி உண்டு. அது எதிரில் உள்ள செட்டை ஒரு போன் என்று நினைத்துக்கொண்டு இணைப்பது. குரல் வரும், ஆனால் போனுக்கென்று இருக்கும் ஒரு வழியை அது பிடித்துக்கொள்ளும்.

புளூடூத் 5.0 ஆ 5.3 ஆ என்பதால் குரல் தெளிவு மாறாது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பார்க்க வேண்டியது மைக்கை. முழு ஹெல்மெட்டுக்குத் தாடைப் பகுதியின் உள்ளே ஒட்டும் பட்டன் மைக். முகம் திறந்த ஹெல்மெட்டுக்கும் தாடை தூக்கும் ஹெல்மெட்டுக்கும் வளையும் கம்பி மைக். பெட்டியில் இரண்டும் இருந்தால் நல்லது. பிறகு ஹெல்மெட் மாற்றினாலும் செட் வீணாகாது. கம்பி மைக்கின் தலையில் ஒரு பக்கம் சின்னப் புள்ளியோ அம்போ இருக்கும். அந்தப் பக்கம் உதட்டைப் பார்க்க வேண்டும். திருப்பி வைத்துவிட்டு 'மைக் சரியில்லை' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். உதட்டுக்கும் மைக்குக்கும் ஒரு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். மைக் மேல் இருக்கும் பஞ்சு உறை கழன்று விழுந்துவிட்டால் காற்று நேராக மைக்கில் அடித்து, எதிரில் இருப்பவருக்கு இரைச்சல் மட்டும்தான் போகும். உறை தனியாகக் கிடைக்கும், இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டின் தாடைக்கு அடியில் மாட்டும் துணித் திரை இருந்தால் கழற்றாதீர்கள். கீழிருந்து ஏறும் காற்றை அதுதான் மறிக்கிறது.

கடையில் சோதிக்க எளிய வழி உண்டு. செட்டை மாட்டிய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, முழு வேகத்தில் சுற்றும் ஸ்டாண்ட் ஃபேன் முன்னால் நின்று யாருக்காவது போன் செய்யுங்கள். ரோட்டுக் காற்று இதைவிடப் பல மடங்கு. ஃபேன் காற்றிலேயே திணறுகிற மைக் பைபாஸில் உதவாது.

அடுத்தது ஸ்பீக்கர். வழக்கமான அளவு 40 மி.மீ. விட்டம். வாங்குவதற்கு முன் ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சைக் கழற்றி, காது வரும் இடத்தில் குழி இருக்கிறதா என்று பாருங்கள். குழி இல்லாத ஹெல்மெட்டில் ஸ்பீக்கர் காதை அழுத்தும். அரை மணி நேரத்தில் வலி தொடங்கும். அதற்காக உள்ளே இருக்கும் தெர்மோகோலைக் கத்தியால் சுரண்டாதீர்கள். அடி விழும்போது தலையைக் காப்பாற்றுவது அந்தத் தெர்மோகோல்தான். மெல்லிய ஸ்பீக்கர் உள்ள செட்டைப் பாருங்கள், அல்லது ஹெல்மெட்டை மாற்றுங்கள். ஒட்டும்போதும் அவசரம் வேண்டாம். வெல்க்ரோவை லேசாக ஒட்டி, ஹெல்மெட்டைப் போட்டு, பாட்டை ஓடவிட்டு, ஹெல்மெட்டின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கையால் காதை நோக்கி அழுத்துங்கள். சத்தம் சட்டென்று கூடினால் ஸ்பீக்கர் காதிலிருந்து விலகி இருக்கிறது. பின்னால் ஒரு பஞ்சு வட்டை வைத்து முன்னால் தள்ள வேண்டும். மேலே கீழே அசைக்கும்போது கூடினால் இடம் மாற்ற வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனாலே பாதிச் சத்தம் போனது போலத்தான் இருக்கும். 'வால்யூம் போதவில்லை' என்ற புகாருக்கு முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சலே 90 டெசிபெல்லைத் தாண்டிவிடும். அதற்கும் மேலே பாட்டை ஏற்றினால் கெடுவது காதுதான். நெடுந்தூரப் பயணத்துக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சுக் காதடைப்பானைப் போட்டுக்கொண்டு இன்டர்காமைக் கேட்டுப் பாருங்கள். இரைச்சல் அடங்கிக் குரல் தெளிவாகும்.

சார்ஜ் விஷயத்தில் மலிவு செட்களுக்கே உரிய ஒரு கோளாறு உண்டு. டைப்-சி துளை இருக்கும், ஆனால் இரண்டு முனையும் டைப்-சியாக இருக்கும் கேபிளில் சார்ஜ் ஏறாது. எதிரில் ஒரு கருவி இருக்கிறது என்று சார்ஜருக்குச் சொல்ல 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டு வேண்டும். காசை மிச்சம் பிடிக்க அதைப் போடாமல் விட்டிருப்பார்கள். செட் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ஒரு முனை பழைய செவ்வக யூஎஸ்பியாக (யூஎஸ்பி-ஏ) உள்ள கேபிளை, சாதாரண 5 வோல்ட் சார்ஜரில் செருகினால் ஏறும். சில செட்களில் ஸ்பீக்கர் ஒயரும் சார்ஜரும் ஒரே துளையில் போகும். தினமும் பிடுங்கிச் செருகினால் ஆறேழு மாதத்தில் துளை ஆடத் தொடங்கும், ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டு வரும். இரண்டுக்கும் தனித்தனித் துளை உள்ளதாக எடுங்கள். மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்த ஒயர் தனியாக விற்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். முதலில் போவது அந்த ஒயர்தான். அது கிடைக்காவிட்டால் முழுச் செட்டும் குப்பை.

வெயிலில் நிறுத்திய வண்டியின் டேங்க் மேல் ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போகாதீர்கள். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் செய்வதும் கெடுதல். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். பேட்டரி உப்பிவிட்டால் மாற்ற முடியும்: அதன் மேல் 603040 என்பதுபோல் ஓர் எண் இருக்கும்; 6 மி.மீ. தடிமன், 30 மி.மீ. அகலம், 40 மி.மீ. நீளம் என்று பொருள். அதே அளவு, அதே 3.7 வோல்ட், பாதுகாப்புச் சர்க்யூட் உள்ளதாகக் கேட்டு வாங்கி, மொபைல் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் போதும்.

மழைக்கு ஐபி67 என்று இருந்தால் நம்பலாம். 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் அளவு அது. ஆனால் அது ஹெல்மெட்டில் மாட்டும் செட்டுக்குத்தான், மைக்குக்கோ ஸ்பீக்கருக்கோ அல்ல; அதுவும் ரப்பர் மூடியை அழுத்தி மூடியிருந்தால்தான். மைக் பஞ்சு நனைந்தால் குரல் அமுங்கிப் போகும். பிழிந்து உலர்த்தினால் சரியாகிவிடும்.

இணைக்கும்போது ஒரு வரிசை உண்டு. முதலில் போனோடு இணையுங்கள், பிறகு செட்டோடு செட்டை இணையுங்கள். குழம்பினால், போனில் பழைய பெயரை அழித்து, செட்டை ரீசெட் செய்து மறுபடி தொடங்குங்கள். மேப் குரல் வரவில்லை என்றால் கூகுள் மேப்ஸ் அமைப்பில் புளூடூத் வழியே ஒலிக்கும் தேர்வைப் பாருங்கள். இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்கும்போது மேப் குரலே கேட்காத செட்களும் உண்டு, வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், ஆபத்தாக வண்டி ஓட்டுவதற்குத் தண்டனை சொல்லும் 184-ஆம் பிரிவு, கையில் பிடித்துப் பேசும் கருவியைத்தான் குறிப்பிட்டுச் சொல்கிறது. அதனால் இன்டர்காம் போட்டவர் ஓட்டிக்கொண்டே எவ்வளவு நேரமும் பேசலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வழி கேட்கவும், பின்னால் இருப்பவர் 'கொஞ்சம் நிறுத்துங்கள்' என்று சொல்லவும் அது போதும். அலுவலக அழைப்பு வந்தால் ஓரங்கட்டிவிட்டுப் பேசுங்கள்.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் இத்தகைய கருவிகளை அறிமுகம் செய்யும்போது, மீட்டரோடு இந்த நான்கையும் சேர்த்துப் போட்டால் வாசகர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்: ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசலாம், எந்த வகை மைக் வருகிறது, ஸ்பீக்கர் எவ்வளவு தடிமன், மாற்று ஒயர் தனியாகக் கிடைக்குமா.

இப்படிக்கு,
இன்டர்காம் பொருத்தும் தொழில் செய்யும் வாசகர்,
கோயம்புத்தூர்.