சுமத்ராவில் நிலம் அசைந்தால்

ஆசிரியருக்கு,

சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம் வந்தால் இங்கே சிங்கப்பூரில் மேல்மாடிகளில் விளக்குகள் ஊசலாடுகின்றன. 2007 மார்ச் 6 அன்று பல கட்டடங்களில் இருந்தவர்கள் வெளியேறினார்கள். நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் நடப்பது நம்மை ஏன் அசைக்கிறது?

வேகமான அதிர்வுகள் தூரத்திலேயே தேய்ந்துவிடும். நிதானமான அலைகள்தாம் இங்குவரை வருகின்றன. உயரமான கட்டடத்தின் இயல்பான ஆட்டமும் நிதானமானதே. இரண்டும் ஒத்துப்போகும்போது ஆட்டம் பெருகும். அதனால்தான் இருபதாவது மாடியில் தலைசுற்ற, கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. காலாங் வட்டாரம் போன்ற மென்களிமண் நிலத்தில் அதிர்வு இன்னும் கூடும்.

ஆடும்போது மின்தூக்கியை நோக்கி ஓடுவதுதான் பெரிய தவறு. வழியில் நின்றுவிட்டால் உள்ளே சிக்கிக்கொள்வீர்கள். உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சன்னலருகே நிற்காதீர்கள். கட்டிலுக்கு மேலே கனமான சாமிப்படம் மாட்டியிருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள்.

அசைவு நின்றதும் அடுப்பை அணையுங்கள். எரிவாயு வாடை வந்தால் மின்விசிறி, விளக்கு எதன் சுவிட்சையும் தொடாமல் சன்னலைத் திறந்து வெளியேறி, தீயணைப்பு அவசர எண்ணான 995-ஐ அழையுங்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். சன்னல் திறந்தவுடன் போய்விட்டதென்று எண்ண வேண்டாம்.

சுவர்ப்பூச்சில் மயிரிழைக் கீறல் பெரும்பாலும் மேலோட்டமானது. தூணிலோ உத்தரத்திலோ சாய்வாகப் பிளவு தெரிந்தால் அன்றே நகர மன்றத்திடம் சொல்லுங்கள்.

வாசகர், தோ பாயோ