வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் மாணவர்கள்தான்: நூதனசாலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, பாடசாலைக் கடிதம் இல்லை என்று எங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் டிக்கட் கவுண்டரில் மாணவர் டிக்கட் கிடைக்கவில்லை. அது இதற்குள் உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். வருகையாளர் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதிவிட்டுத்தான் வந்தேன். அதற்கு முன்பு அனுப்பிய இரண்டு கடிதங்களும் உங்கள் கோப்பில் இருக்கும். அதனால் எல்லாவற்றையும் முதலில் இருந்து சொல்லப் போவதில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் படிக்கும் பிள்ளைகளை, பெற்றோர் தரும் கடிதத்தின் பேரில், உங்கள் கல்வி நிகழ்ச்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு நாள் போதும்.

மலையகத்தில் டிக்கோயாவைச் சுற்றி நாங்கள் நாலு குடும்பம், ஏழு பிள்ளைகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம். என் மகளுக்கு மூட்டு வருத்தம். தோட்டத்தில் இருந்து பாடசாலைக்குப் போகும் படிக்கட்டை மழை நாளில் அவளால் ஏறி இறங்க முடியாது. இன்னொரு வீட்டுப் பையனுக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் மற்றவர்கள் சிரித்துச் சிரித்தே அவன் வாயை மூடிவிட்டார்கள். காரணம் எதுவானாலும் பிள்ளைகள் படிக்கிறார்கள். அரசாங்கப் பாடநூல்தான், தமிழ் மொழிமூலம்தான். நாளைக்குச் சாதாரண தரப் பரீட்சையும் எழுதத்தான் போகிறார்கள்.

இந்த வருடம் நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம் எங்கள் சொந்தக் கதை. 1823இல் கம்பளைப் பக்கம் சிங்ஹபிட்டியவில் கோப்பி போட்டதில் தொடங்கினோம். கண்டிப் பக்கம் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வந்தது, கோப்பியை இலைநோய் அழித்தது, அப்புறம் இந்தியாவில் இருந்து தோட்ட வேலைக்கு ஆட்கள் வந்த பாதை. முன்னோர் வந்ததை நினைத்து 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நம் ஆட்கள் நடந்தார்களே, அந்தப் பாதையைப் பிள்ளைகள் வரைபடத்தில் சிவப்புப் பேனையால் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் போடும்போதுதான் என் மாமியார் தகரத்தைப் பற்றிச் சொன்னார். அவருடைய தாத்தா தமிழ்நாட்டில் முசிறிப் பக்கத்தில் இருந்து வரும்போது கழுத்தில் ஒரு தகர வில்லை போட்டுக்கொண்டு வந்தாராம். 1901இல் தொடங்கிய முறை அது. வில்லையில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் குத்தியிருக்கும். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். வந்து சேர்ந்த பிறகு அதுவே அந்த ஆளின் தலையில் கடனாக இறங்கும்.

மகளுக்கு அன்றிலிருந்து அந்தத் தகரம்தான் பேச்சு. 5 ரூபாய் குற்றியை வைத்து வட்டம் கீறி, பால்மாப் பெட்டி அட்டையில் வெட்டி, கம்பளி நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். உண்மையான தகரம் இதைவிடப் பெரிதா சிறிதா, ஓட்டை எங்கே இருக்கும், எண்ணை எதால் குத்தினார்கள் என்று பதினொரு கேள்வி எழுதினாள். உங்கள் கண்ணாடிப் பெட்டியில் அப்படி ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் புறப்பட்டோம். விடிய நாலு மணிக்கு எழும்பி, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, மூன்று பஸ் மாறி வந்தோம்.

கவுண்டரில் இருந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கேட்டார். "மிஸ், எந்த ஸ்கூல்?" வீட்டில் படிக்கிறார்கள் என்றேன். "அப்படியென்றால் ஸ்டூடன்ட் இல்லையே" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்த சுற்றறிக்கை அப்படி. மாணவர் டிக்கட்டுக்கு அதிபரின் கடிதம் வேண்டும். வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கவும் கைவேலை வகுப்பில் உட்காரவும் அதிபரின் கடிதம் வேண்டும், அதோடு 25 பிள்ளைகளாவது இருக்க வேண்டும். என் மகள் அந்த அட்டை வில்லையை மெதுவாகச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். இன்றுவரை அது என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பொது டிக்கட் எடுத்து உள்ளே போனோம். பின் மண்டபத்தில் அன்று ஒரு பாடசாலைக்கு நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. பாயில் உட்கார்ந்து, வாட்டிய கொழுந்தைக் கையால் உருட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பழைய தராசு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கூடையைத் தூக்கிக் கொளுவி நிறுத்துப் பார்க்கிறது. எங்கள் ஏழு பேரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்கள். தூறிக்கொண்டிருந்தது. உருட்டிய கொழுந்தின் வாசனை வெளியே வரை வந்தது. திக்கிப் பேசுகிற அந்தப் பையன் மட்டும் கம்பிக்குள் கையை நீட்டி, யாரும் கேட்காமலே, "எ... எங்க பாட்டி இதவிட நிறையப் பறிப்பாங்க" என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அந்நிய ஆட்கள் முன்னால் அவன் பேசிய முதல் பேச்சு அது. உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் நின்றோம். மண்டபத்தின் பின்வரிசை முழுக்க வெறும் பாய்தான் கிடந்தது.

1921 வரைக்கும் தோட்டங்களில் துண்டு முறை இருந்தது. கடன் கணக்கை எழுதித் தோட்டத் துரை கொடுக்கும் அந்தத் துண்டு இல்லாவிட்டால் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. இதை உங்கள் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். 12 வயதுப் பிள்ளையிடம் கடிதம் எங்கே என்று கேட்டபோது எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகத்துக்கு வந்தது. இது கடுமையான பேச்சு என்று தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுதியதை அழிக்க மாட்டேன்.

சரி, வழிகாட்டி இல்லாவிட்டால் வாசித்தாவது தெரிந்துகொள்ளலாம் என்றால், அந்தத் தகரத்துக்குக் கீழே உள்ள குறிப்பில் தமிழ் இல்லை. சிங்களம் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இலேயே சொல்லிவிட்டது. அந்தத் தகரத்தைக் கழுத்தில் போட்டு வந்தவர்கள் பேசிய மொழி எது? அவர்களின் பேத்திகளுக்கு நான் ஆங்கிலத்தைப் பார்த்து மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. இதற்கு இன்னொரு கடிதம் எழுதுவேன். இந்தக் கடிதத்தின் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கஷ்டம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆள் குறைவு, வழிகாட்டிகள் இரண்டு பேர்தான் என்று சொன்னீர்கள். அதனால்தான் தனி நிகழ்ச்சி கேட்கவில்லை. ஏற்கெனவே நடக்கிற நிகழ்ச்சியில், இடம் மிச்சம் இருக்கிற நாளில், பின்வரிசைப் பாயில் ஏழு பேரை உட்கார வையுங்கள் என்கிறோம். கட்டணம் எவ்வளவோ அதைத் தருகிறோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெரியவர் கூட இருப்பார். பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பு எங்களுடையது. அமெரிக்காவில் வர்ஜீனியாவில் கொலோனியல் வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய நகரத்தை அப்படியே நூதனசாலையாக வைத்திருக்கிறார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு என்றே அங்கே தனி நாட்கள் ஒதுக்குகிறார்கள், குடும்பத்தோடு வரச் சொல்கிறார்கள். அந்த அளவுக்கு நாங்கள் கேட்கவில்லை. ஒரு பாய் கேட்கிறோம்.

பாடசாலைப் பிள்ளைக்கு நூதனசாலை வருடத்தில் ஒரு சுற்றுலா. எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் ஆய்வுகூடம், அதுதான் மற்றப் பிள்ளைகளைச் சந்திக்கிற இடம். தராசை ஒரு தடவை கையால் தொட்டுவிட்டால், கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ இரண்டு கிலோ எப்படிக் கழிந்தது என்று பாட்டி சொன்ன கதை பிறகு அவர்களுக்கு வெறும் கதையாக இருக்காது. உங்கள் வழிகாட்டிகளுக்கும் எங்களிடம் கேட்க விஷயம் இருக்கும். மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருகிறோம். 31 வருடம் மலையில் கொழுந்து பறித்தவர். கூடைக்கயிறு தலையில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று நீங்கள் வைத்திருக்கும் கொழுந்து பறிக்கும் பொம்மையில் அவர் காட்டித் தருவார். இப்போது அது தவறான இடத்தில் இருக்கிறது.

ஆகவே தயவாக மீண்டும் கேட்கிறேன். அதிபரின் கடிதத்துக்குப் பதிலாகப் பெற்றோரின் கடிதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். 25 பேர் என்ற கணக்கை எங்கள் விஷயத்தில் தளர்த்துங்கள். மாதத்தில் ஒரு நாள் தாருங்கள். ஏழு பிள்ளைகளின் பெயரும் வயதும் எழுதி, நாலு வீட்டாரும் கையெழுத்து வைத்த கடிதம் பதிவுத் தபாலில் தனியாக வருகிறது. செவ்வாயோ வியாழனோ, எந்த நாள் என்றாலும் வருவோம். மூன்று பஸ் பிடிக்க வேண்டும், ஆகவே ஒரு கிழமைக்கு முன்பு மட்டும் சொல்லுங்கள். அந்தப் பதினொரு கேள்வியும் மகளின் கொப்பியில் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
டிக்கோயாவில் இருந்து ஒரு தாய்