நான்கு நாள் கணக்கு போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அழகு அறுவை சிகிச்சைக்காக வெளிநாடு போவதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விசா, மருத்துவமனை, தங்குமிடம் எல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் காது மடலைச் சரிசெய்ய நான்கு நாள் போதும், ஐந்தாம் நாள் விமானம் ஏறிவிடலாம் என்று ஒரு வரி வருகிறது. அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். அதே கணக்கைப் போட்டுக்கொண்டு போனவள் நான்.

சின்ன வயதிலிருந்தே என் காதுகள் இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கும். வகுப்பில் எனக்குப் பெயரே முறக்காது. தலைமுடியை இழுத்துக் கட்டியதே கிடையாது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கை தானாகக் காதுக்குப் போகும். அனுபவிக்காதவர்களுக்கு இது வெறும் அழகு ஆசையாகத் தெரியலாம். எட்வர்ட் டால்பட் எலி என்ற அமெரிக்க மருத்துவர் 1881இல் இந்தச் சிகிச்சையைப் பற்றி எழுதினார். அவரிடம் வந்த 12 வயதுச் சிறுவனும் மற்ற பிள்ளைகளின் கேலிக்கு ஆளானவன்தான். ஆகவே யாரையும் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்துகொண்டதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் போன விதத்தில்தான்.

சிகிச்சை பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பெரியவர்களுக்கு மரத்துப்போக ஊசி போட்டே செய்வது உண்டு. காதுக்குப் பின்னால் கீறி, குருத்தெலும்பை மடித்துத் தைப்பார்கள். தேவைப்பட்டால் மடலின் நடுவில் குழிவாக இருக்கும் பகுதியைப் பின்னுக்கு இழுத்தும் தைப்பார்கள். குருத்தெலும்புக்குப் பழைய வடிவத்துக்கே திரும்பும் குணம் உண்டு. ஆறி இறுகும் வரை அதைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே போட்ட தையல்தான். அதனால் கத்தி வைக்கும் அந்த ஒரு நாளைவிட, அதற்குப் பிறகு வரும் நாட்களில்தான் கவனம் அதிகம் வேண்டும்.

எனக்கு இரண்டாம் நாள் இரவு வலது காதில் வலி ஆரம்பித்தது. தலையைச் சுற்றி இறுக்கமாகக் கட்டு. இடது காதில் சாதாரண வலி, மாத்திரைக்கு அடங்கியது. வலது காது மட்டும் விண் விண்ணென்று தெறித்தது, நேரம் ஆக ஆகக் கூடியது. ஏற்பாடு செய்து தந்த ஆளுக்குப் போன் செய்தேன். வலி இருக்கத்தான் செய்யும், இன்னொரு மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குங்கள் என்றார். தூக்கம் வரவில்லை. விடிந்ததும் நானாகவே மருத்துவமனைக்குப் போய்விட்டேன். கட்டை அவிழ்த்த நர்ஸ் ஒன்றும் பேசாமல் டாக்டரைக் கூப்பிடப் போனார். கண்ணாடியில் பார்த்தேன்: மடலின் மடிப்புகளே தெரியாமல், கருநீலமாக வீங்கியிருந்தது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. ஒரு தையலைப் பிரித்து அதை வெளியேற்றினார்கள்.

டாக்டர் அப்புறம் விளக்கினார். குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம் வருகிறது. நடுவில் ரத்தம் தேங்கினால் ஊட்டம் நின்றுபோய்க் குருத்தெலும்பு செத்துவிடும். மல்யுத்த வீரர்களின் காது சுருங்கி முண்டும் முடிச்சுமாக இருப்பதும் இப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போனால், கட்டை அவிழ்த்துப் பார்த்தே ஆகவேண்டும். இந்த ஒரு விஷயத்தை எனக்கு யாரும் முன்னாடியே சொல்லவில்லை.

விமானத்தில் காது அடைக்குமே என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். இந்தச் சிகிச்சை செவிப்பறையைத் தொடுவதே இல்லை, அதனால் அது பெரிய விஷயமில்லை. ஆனால் அவசரம் என்றால் பல மணி நேரம் எந்த டாக்டரிடமும் போக முடியாது. நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் இருக்கிறது. முகத்தில் அழகு அறுவை செய்துகொண்டவர்கள் 7 முதல் 10 நாள் வரை விமானப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். தலைக்கட்டு சுமார் ஒரு வாரம் இருக்கும், பிறகு தையலைப் பார்ப்பார்கள். கிருமி பிடித்தால் அதுவும் பெரும்பாலும் சில நாள் கழித்துத்தான் தெரியும். நான்கு நாளில் இதில் எது அடங்கும்? நான் டிக்கெட்டை மாற்றி, மேற்கொண்டு ஒன்பது நாள் தங்கினேன். ஊர் திரும்பிய பிறகும் சில வாரம் இரவில் காதுப் பட்டை கட்டித் தூங்கவேண்டியிருந்தது. கண்ணாடி அணிபவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதன் காம்பு சரியாகத் தையல் மேல்தான் வந்து உட்காரும்.

அதோடு முடியவில்லை. எட்டு மாதம் கழித்து இடது காதுக்குப் பின்னால் முள் மாதிரி ஏதோ விரலில் பட்டது. உள்ளே போட்ட நூல் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. கரையாத நூலில் இது நடக்கக்கூடியதுதான். ஆனால் இங்கே நான் பார்த்த முதல் இரண்டு டாக்டர்களும், செய்தவரிடமே போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாமவர் பொறுமையாகக் கேட்டார்: என்ன நூல், எத்தனை தையல், எங்கெங்கே? என் கையில் இருந்தது அவருக்கும் எனக்கும் தெரியாத மொழியில் ஒரே ஒரு தாள். அங்கே அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. கடைசியில் அவர் தன் அனுபவத்தை நம்பியே அந்த நூலை எடுத்தார். என் பயணக் காப்பீடும் கைகொடுக்கவில்லை. திட்டமிட்டுச் செய்துகொண்ட சிகிச்சையின் சிக்கல்களைச் சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை.

2013, 2014இல் டொமினிக்கன் குடியரசில் அழகு அறுவை செய்துகொண்டு அமெரிக்கா திரும்பிய சிலருக்கு, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத, மைக்கோபாக்டீரியா என்ற ஒருவகைக் கிருமியின் தொற்று வந்தது. அப்படி ஏதாவது வந்தாலும் பார்க்கவேண்டியது சொந்த ஊர் டாக்டர்தான். அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே, திரும்பி வந்தால் பார்ப்பதற்கு ஒருவரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அறுவை செய்யப்போகிறவரிடம் நேரடியாகப் பேசுங்கள். நடுவில் இருப்பவர் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் பணம் கட்டாதீர்கள். மருத்துவமனைக்குச் சர்வதேசத் தரச்சான்று இருப்பது நல்லதுதான். அதை வைத்து, உங்களுக்குச் செய்யப்போகிறவர் எத்தனை காது பார்த்தவர் என்று சொல்ல முடியாது. நூலின் பெயர் உட்பட முழு அறுவைக் குறிப்பையும், உங்கள் டாக்டர் படிக்கக்கூடிய மொழியில் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

அடுத்த இதழில் அந்த நான்கு நாளை இரண்டு வாரம் என்று திருத்தி வெளியிட முடியுமா? அந்தக் கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு டிக்கெட் பார்க்கிறவர்கள் இப்போதே இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)