ராயக்கோட்டை மலையில் இறக்கிவிட்ட ஆட்டுக்கார அண்ணாவுக்கு

ராயக்கோட்டை மலைக்கோட்டையிலிருந்து குடும்பத்தோடு இறங்கும்போது தூறல் பிடித்துக்கொண்டது. அந்தப் பாறைச் சரிவில் மழைநீர் வழிந்து கறுத்த தடங்களில் பாசி காய்ந்து கிடக்கும். நாலு துளி பட்டாலே வழுக்கும். நாங்கள் தயங்கி நின்றதைப் பார்த்து, கூப்பிடாமலே ஆடுகளை விட்டுவிட்டு வந்தீர்கள் அண்ணா.

கறுப்புத் தடத்தை ஒதுக்கி, சொரசொரப்பான வெளிர் பாறையாகப் பார்த்து நடத்தினீர்கள். முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் முழுக்கப் பதித்து, நேராக இல்லாமல் வளைந்து வளைந்து இறங்கச் சொன்னீர்கள். கம்பால் தட்டி, பொள்ளென்று சத்தம் வந்த இடத்தில் யாரையும் கால் வைக்க விடவில்லை. வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி உரிந்து நிற்கும் மேலடுக்கு அது. மிதித்தால் பலகையாகப் பெயர்ந்துவிடும். அம்மாவுக்குக் கம்பைப் பிடிக்கக் கொடுத்து, கடைசிவரை ஓரடி கீழேயே நின்று வந்தீர்கள். ஒரு டீ குடிக்கக்கூட நிற்கவில்லை.

ராயக்கோட்டைக்காரர்கள் யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ரொம்ப நன்றி அண்ணா.