பன்னிரண்டு பேரில் ஒருவன்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மகள் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். தை மாதம் குடும்பத்தோடு கட்டாயம் வருகிறோம். பதில் எழுதத் தாமதமானதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வாரமாக நான் இங்கே இங்கிலாந்தில் தினமும் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜூரியில் ஒருவனாக, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுக்கும் பன்னிரண்டு பேரில் ஒருவனாக.

முப்பது வருஷமாக வக்கீலாக கோர்ட்டிலேயே கிடப்பவன் நீ. ஆனால் நீ பார்க்காத ஒன்றை நான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அதை உனக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

வாக்காளர் பட்டியலிலிருந்து கம்ப்யூட்டர் ஏதோ ஒரு பெயரை எடுக்கிறது, தபாலில் கடிதம் வருகிறது. 18 வயதிலிருந்து 75 வயது வரை யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். சரியான காரணம் இல்லாமல் போகாவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். நான் இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். காமன்வெல்த் நாட்டுக்காரன் என்பதால் இங்கே எனக்கு ஓட்டு உண்டு. ஓட்டு இருந்து, ஐந்து வருஷமாவது இங்கே குடியிருந்தால் ஜூரியிலும் உட்காரலாம். கடிதத்தைப் படித்ததும் தப்பாக வந்திருக்கிறதோ என்று இரண்டு முறை பெயரைச் சரிபார்த்தேன். இந்த நாட்டுக்காரன் ஒருவன் குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்க என்னைப் போன்றவனைக் கூப்பிடுகிறார்களே என்பது எனக்குச் சாதாரணமாகப் படவில்லை.

சம்பளம் கிடையாது. வருமானம் போனால் ஒரு நாளைக்கு 64.95 பவுண்டு வரை ஈடு, சாப்பாட்டுக்கு 5.71 பவுண்டு. அவ்வளவுதான்.

முதல் நாள் பெரிய ஹாலில் வெறுமனே உட்கார்ந்திருந்தோம். மதியத்துக்கு மேல் பதினைந்து பேரைக் கூப்பிட்டு அழைத்துப் போனார்கள். கோர்ட் கிளார்க் எங்கள் பெயர் எழுதிய அட்டைகளை எல்லோர் கண் முன்னாலும் கலைத்து, ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். சுந்தரம், அந்த நிமிஷம் எனக்கு உத்திரமேரூர்தான் ஞாபகம் வந்தது. காலேஜில் படிக்கும்போது நாம் இருவரும் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தோமே, அந்தக் குடவோலைக் கல்வெட்டு. 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் வரிசையாக வரும். இங்கேயும் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்திருக்கிறது. 1919இல் சட்டம் வரும்வரை பெண்களுக்கு ஜூரியில் இடம் கிடையாது. அதற்குப் பிறகும் வரி கட்டும் வீட்டுக்காரர்களைத்தான் கூப்பிட்டார்கள். வாக்காளர் எல்லோரும் ஜூரர் ஆகலாம் என்று ஆனது 1970களில்தான். குடத்திலிருந்து ஓலை எடுப்பது பெரிய காரியமில்லை, அதற்குள் யார் யார் பெயரைப் போடுகிறோம் என்பதுதான் காரியம்.

ஒன்பதாவது அட்டை என்னுடையது. பைபிள், குர்ஆன், கீதை எல்லாம் வைத்திருக்கிறார்கள். எதுவும் வேண்டாம் என்றால் வெறும் உறுதிமொழி எடுத்துக்கொள்ளலாம். நான் கீதையைக் கையில் வாங்கினேன். சாட்சியங்களின்படி உண்மையான தீர்ப்பைத் தருவேன் என்று ஒரே வாக்கியம், அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது. படிக்கும்போது நாக்கு உலர்ந்துவிட்டது. எதிரே கண்ணாடிக்குப் பின்னால் குற்றம் சாட்டப்பட்ட பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நம் சின்னவனைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம்.

வழக்கு என்னவென்று நீ கேட்பாய். கோர்ட்டில் எல்லோர் முன்னிலையிலும் நடந்ததைச் சொல்லத் தடையில்லை. ஆனாலும் அந்தப் பையனுக்காக விட்டுவிடுகிறேன். ஆனால் ஜூரி அறைக்குள் யார் என்ன பேசினார்கள், யார் எந்தப் பக்கம் கை தூக்கினார்கள் என்பதைச் சொல்வது குற்றம், ஆயுசுக்கும். கமலாவிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் சாப்பிடும்போது அவள் கேட்டாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். வழக்கைப் பற்றி நாமாக இன்டர்நெட்டில் தேடுவதும் குற்றம்தான், இரண்டு வருஷம் வரை சிறை. விசாரணையின்போது குற்றம் சாட்டப்பட்டவரோடு ஃபேஸ்புக்கில் பேசிய ஒரு ஜூரருக்கு 2011இல் எட்டு மாதம் சிறைத் தண்டனை விதித்தார்கள்.

கடைசி நாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன். நாங்கள் உள்ளே போகும் முன் கோர்ட் உதவியாளர் அம்மா ஒருவர் எழுந்து நின்று சத்தியம் செய்தார். இந்த ஜூரியைத் தனியான இடத்தில் வைத்திருப்பேன், யாரையும் இவர்களோடு பேச விடமாட்டேன், தீர்ப்பு முடிவாகிவிட்டதா என்று கேட்பதைத் தவிர வழக்கைப் பற்றி நானும் பேசமாட்டேன் என்று. சொல்லி முடித்ததும் ஒரு பெட்டியை நீட்டினார். பன்னிரண்டு செல்போன்களும் அதற்குள் போயின. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஒரு நீள மேஜை, தண்ணீர் ஜாடி, பன்னிரண்டு நாற்காலி. பஸ் டிரைவர், நர்ஸ், அப்போதுதான் படிப்பு முடித்த பெண், ரிட்டயரான தாத்தா, நான். அந்தக் கதவு சாத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1670இல் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இரண்டு குவேக்கர்கள், அது ஒரு கிறிஸ்தவப் பிரிவு. அவர்கள் கூடும் இடத்தை அரசாங்கம் பூட்டிவிட்டது, அதனால் லண்டன் கிரேஸ்சர்ச் தெருவில் நின்றே பென் பிரசங்கம் செய்தார். சட்டவிரோதக் கூட்டம் என்று வழக்கு. தெருவில் பேசினார் என்பது மட்டும்தான் குற்றம் என்று ஜூரி சொன்னது. நீதிபதிகளுக்கு வந்தது கோபம். சோறு, தண்ணீர், நெருப்பு எதுவும் கொடுக்காமல் இரண்டு ராத்திரி அடைத்து வைத்தார்கள். ஜூரி அசையவில்லை, கடைசியில் குற்றமே இல்லை என்று சொல்லிவிட்டது. உடனே ஆளுக்கு 40 மார்க் அபராதம் போட்டு, கட்டும்வரை நியூகேட் சிறையில் கிட என்று அனுப்பினார்கள். எட்வர்ட் புஷெல் என்ற ஜூரர் கட்ட மறுத்து ஆட்கொணர்வு மனு போட்டார். தலைமை நீதிபதி ஜான் வான் அவரை விடுதலை செய்தார். தீர்ப்புக்காக ஜூரியை யாரும் தண்டிக்கக் கூடாது என்பது அன்று நிலைத்தது. அந்த ஜூரர்கள் நினைவாக லண்டனின் ஓல்டு பெய்லி கோர்ட் கட்டடத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். பென் பிற்பாடு அமெரிக்கா போய் பென்சில்வேனியாவை உண்டாக்கினார், அது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் புஷெல்தான் மனதில் நிற்கிறார். கூப்பிட்டார்கள் என்று வந்து உட்கார்ந்தவர்.

மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கை நீ எடுப்பாய், தெரியும். 1959இல் பம்பாய் ஜூரி எட்டுக்கு ஒன்று என்று குற்றமில்லை என்றது, உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு ஆயுள் தண்டனை கொடுத்தது. பத்திரிகையும் கும்பலும் ஜூரியை மயக்கிவிடும் என்பது உன் பழைய வாதம். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு நம் ஊரில் ஜூரியே போய்விட்டது. மயங்கக்கூடியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே 2017இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. குற்றவியல் நீதித்துறையில் கறுப்பினத்தவரும் ஆசியர்களும் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பார்த்தார்கள். பல இடங்களில் குறை தெரிந்தது, ஜூரி தீர்ப்பில் மட்டும் இனப் பாகுபாடு தெரியவில்லை. பன்னிரண்டு பேர் ஒருவருக்கொருவர் காரணம் சொல்லியாக வேண்டியிருப்பதுதான் அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அந்த ஆய்வை நடத்திய டேவிட் லாமிதான் பிற்பாடு நீதித்துறை அமைச்சராகி, மூன்று வருஷத்துக்குள் தண்டனை வரக்கூடிய பெரும்பாலான வழக்குகளை ஜூரி இல்லாமல் நீதிபதியே விசாரிக்கலாம் என்று 2025 டிசம்பரில் அறிவித்தார். கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவை ஜூரியிடமே இருக்கும். பெரிய குற்றங்களை ஜூரியோடு விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டுகளில் அப்போது 78,000 வழக்கு அளவுக்குத் தேங்கிக் கிடந்தது என்பது காரணம். அந்தக் காரணத்தை நான் லேசாக நினைக்கவில்லை. புகார் கொடுத்த பெண் வருஷக்கணக்காகக் காத்திருப்பது எவ்வளவு கொடுமை. ஆனால் நான் போன கோர்ட்டில் ஒரு விசாரணை அறை இரண்டு வாரமும் பூட்டியே கிடந்தது. முதலில் அதைத் திறக்கட்டும். இங்கே நூற்றில் தொண்ணூறுக்கு மேல் வழக்குகள் ஏற்கெனவே மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே முடிந்துவிடுகின்றன. (அந்த மாஜிஸ்திரேட்டுகளில் பெரும்பாலோர் சட்டம் படிக்காத, சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள் என்றால் நீ நம்புவாயா?) மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் சுருக்கிக்கொண்டே போனால் என்னைப் போல ஒருவன் அந்த அறைக்குள் போகும் வாய்ப்பும் சுருங்கும். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. இந்த ஊரில் இத்தனை வருஷம் வரி கட்டினேன், ஓட்டுப் போட்டேன். இங்கே நானும் ஒருத்தன் என்று மனசு ஒப்புக்கொண்டது, அந்த அட்டையில் என் பெயரை வாசித்தபோதுதான்.

உன் சீனியர் சின்ன வயதில் சென்னை உயர் நீதிமன்ற செஷன்ஸில் ஜூரி முன்னால் வாதாடியதாக ஒருமுறை சொன்னாயே. ஜூரர்களில் ஒருவர் தினமும் வெற்றிலைப் பெட்டியோடு வருவார் என்று ஆரம்பித்தாய், அதற்குள் ரயில் வந்துவிட்டது. அந்த வழக்கு என்ன ஆனது? முழுசாக எழுது.

அன்புடன்,
ராமநாதன்