கணினி பூட்டிக்கொள்கிறது என்றால் கடவுச்சொல்லை நீக்கச் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நிமிடங்கள் கைவைக்காமல் விட்டாலே வீட்டுக் கணினியின் திரை மாறிப்போய், திரும்பவும் கடவுச்சொல் கேட்கிறது என்று தங்கள் நாளிதழின் கணினி கேள்வி பதில் பகுதியில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கடவுச்சொல்லையே நீக்கிவிட்டால் தொல்லை தீரும் என்று அவருக்குப் பதில் தரப்பட்டிருந்தது. வீட்டுக் கணினிகளைப் பழுதுபார்த்துத் தரும் தொழிலில் இருப்பவன் நான். அந்தப் பதில் கேட்டவருடைய சிக்கலைத் தொடவே இல்லை என்பதோடு, அதைப் படித்துப் பின்பற்றும் மற்றவர்களுக்குத் தீங்காகவும் முடியும் என்று உறுதியாக நம்புவதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கணினியைத் தொடாமல் விட்டுவைக்கும்போது நடப்பவை நான்கு: ஸ்கிரீன் சேவர், அதாவது திரையில் தானாகப் படம் காட்டும் நிரல், ஓடத் தொடங்குவது, திரை அணைவது, கணினி ஸ்லீப் எனும் உறக்க நிலைக்குப் போவது, பயனர் கணக்கு பூட்டிக்கொள்வது. இவற்றை இயக்கும் அமைப்புகள் வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன, நேரக்கணக்கும் வெவ்வேறு. ஆனால் நாற்காலியில் வந்து உட்காருபவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்: முதலில் கறுத்த திரை, பிறகு கடவுச்சொல் பெட்டி. எனவே கேட்டவருடைய கணினியில் இந்த நான்கில் எது நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் சொல்லும் எந்தப் பதிலும் குருட்டாம்போக்கில் சொன்னதாகவே இருக்கும்.

ஸ்கிரீன் சேவருக்கும் கடவுச்சொல்லுக்கும் தொடக்கத்தில் தொடர்பே கிடையாது. பழைய குழாய்த் திரைகளில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் உட்புறப் பாஸ்பர் பூச்சில் அதன் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடும் என்பதற்காகப் பிறந்தது அது. ஜான் சோகா என்ற நிரலாளர் ஐபிஎம் கணினிக்காக எழுதி, 1983 டிசம்பரில் ஓர் அமெரிக்கக் கணினி இதழில் வெளியான நிரல், மூன்று நிமிடம் விசை எதுவும் தட்டப்படாவிட்டால் திரையை வெறுமையாக்கும், அவ்வளவுதான். பூட்டும் வேலை பிற்காலத்தில் அதனுடன் இணைக்கப்பட்டது. இன்றைய எல்சிடி திரைகளில் பாஸ்பர் பூச்சு இல்லை. சேவர் ஓடும் நேரமெல்லாம் பின்விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் மின்சாரமும் மிச்சமாவதில்லை. ஓஎல்இடி திரைகளில் தடம் பதியும் வாய்ப்பு உண்டு என்றாலும், அங்கேயும் படம் ஓடவிடுவதைவிடத் திரையை அணைத்துவிடுவதே மேல்.

இனி, கேட்ட வாசகர் எங்கெங்கே பார்த்திருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸுக்குள் பெர்சனலைசேஷன், அதற்குள் லாக் ஸ்கிரீன் என்று போனால் ஸ்கிரீன் சேவர் பெட்டிக்கான இணைப்பு இருக்கும். திறக்கும் சிறு பெட்டியில் காத்திருக்கும் நிமிடங்களுக்குப் பக்கத்தில், 'ஆன் ரெஸ்யூம், டிஸ்ப்ளே லாகான் ஸ்கிரீன்' என்ற வரிக்கு எதிரே ஒரு சின்னக் கட்டம் உண்டு. சேவர் விலகும்போது கடவுச்சொல் கேட்கவைப்பது இந்தக் கட்டம்தான். குறியை எடுத்துவிட்டாலோ, காத்திருக்கும் நேரத்தை ஒரு நிமிடத்திலிருந்து பதினைந்தாக உயர்த்தினாலோ பெரும்பாலான வீடுகளில் புகார் அங்கேயே முடிந்துவிடும். சேவர் வகை 'நன்' என்று இருந்தாலும், அதாவது எதுவுமே தேர்ந்தெடுக்கப்படாமல் இருந்தாலும், இந்தக் கட்டத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சேவரே இல்லையே என்று பலர் இதைத் திறந்துபார்ப்பதில்லை.

அங்கே குறி இல்லாமலும் கடவுச்சொல் கேட்டால், அது பெரும்பாலும் ஸ்லீப் நிலையிலிருந்து எழும்போது கேட்கப்படுவதாக இருக்கும். அதற்கான இடம் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் சைன்-இன் ஆப்ஷன்ஸ். நீங்கள் விலகியிருந்து திரும்பினால் எப்போது மீண்டும் உள்நுழையச் சொல்ல வேண்டும் என்ற கேள்வி அங்கே இருக்கும். மேசைக் கணினிகளில் பொதுவாக 'ஒருபோதும் வேண்டாம்', 'ஸ்லீப்பிலிருந்து எழும்போது' என்ற இரண்டு விடைகள்தாம் காணப்படும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் திரை அணைவதே ஒருவகை ஸ்லீப் என்பதால், ஒவ்வொரு முறையும், ஒரு நிமிடம் கழித்து, மூன்று நிமிடம் கழித்து, பதினைந்து நிமிடம் கழித்து என்று பல படிகள் இருக்கும். 'ஒவ்வொரு முறையும்' என்பதைப் பதினைந்து நிமிடமாக மாற்றினால், அடுப்படிக்குப் போய் வருவதற்குள் பூட்டு விழும் தொல்லை நீங்கும். கணினிக்கு இருக்கும் காவலும் போகாது. ஸ்லீப்புக்கான நேரம் சிஸ்டம் பகுதியில், பவர் என்ற தலைப்பின் கீழ் தனியே இருக்கிறது. கடவுச்சொல்லில் கைவைக்காமல் அதை நீட்டிக்கொள்வதும் ஒரு வழி.

அதே சைன்-இன் பக்கத்தில் டைனமிக் லாக் என்று ஒன்று உண்டு. ப்ளூடூத் வழியாக இணைத்த கைப்பேசி தூரம் போனதும் கணினியைப் பூட்டிவிடுவது அதன் வேலை. கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்தபடி அடுத்த அறைக்குப் போகிறவருக்குக் கணினி காரணமில்லாமல் பூட்டிக்கொள்வதாகத் தோன்றுவது இதனால்தான். இன்னொரு காரணத்தை வீட்டில் இருப்பவர்கள் ஊகிக்கவே முடியாது. அலுவலகத்தின் அல்லது பள்ளியின் மின்னஞ்சல் கணக்கை வீட்டுக் கணினியில் சேர்க்கும்போது, கணினியை நிர்வகிக்கும் அனுமதியும் சேர்த்துக் கேட்கப்படுவதுண்டு. அதற்கு 'சரி' கொடுத்துவிட்டால், இத்தனை நிமிடத்தில் பூட்ட வேண்டும் என்ற அந்த நிறுவனத்தின் விதி வீட்டுக் கணினிக்கும் பொருந்திவிடும். சில அமைப்புகள் உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகின்றன என்ற வரி செட்டிங்ஸ் பக்கத்தின் மேலே தெரிந்து, மாற்ற வேண்டிய இடம் மங்கிக் கிடந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அக்கவுண்ட்ஸ் பகுதியில் 'ஆக்சஸ் ஒர்க் ஆர் ஸ்கூல்' என்ற இடத்தில் அந்தக் கணக்கு நிற்கும். நிறுவனத்தைக் கேட்டுவிட்டு அதைத் துண்டிக்கலாம். அந்த விதியோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

இதற்கு நேர்மாறான புகாரும் உண்டு. நேரம் குறித்து வைத்தும் சேவர் வருவதே இல்லை என்பார்கள். திரை ஐந்து நிமிடத்தில் அணையும்படியும் சேவர் பத்து நிமிடத்தில் வரும்படியும் வைத்திருந்தால் சேவரைக் கண்ணால் காணவே முடியாது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அடுத்தது மவுஸ். பளபளப்பான மேசைமேல் ஒளிவகை மவுஸ் இருந்தால், கை படாமலே அம்புக்குறி நூலளவு நடுங்கிக்கொண்டிருக்கும். யாரோ வேலை செய்கிறார்கள் என்று கணினி நினைத்துக்கொள்ளும். மவுஸின் இணைப்பை எடுத்துவிட்டுக் காத்திருந்து பார்த்தால் விடை தெரிந்துவிடும். திரையே அணையாமல், கணினி உறங்காமல் விடிய விடிய எரிந்துகொண்டிருந்தால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, 'பவர்சிஎஃப்ஜி' என்ற கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் 'ரிக்வெஸ்ட்ஸ்' என்று (powercfg /requests) கொடுத்தால், எந்த நிரல் அதை விழித்திருக்க வைக்கிறது என்று பெயரோடு காட்டும். பின்னால் மறைந்திருக்கும் ஒரு தாவலில் ஓடும் காணொளியோ, மூட மறந்த அழைப்புச் செயலியோதான் பெரும்பாலும் அகப்படும்.

சேவர் பற்றி ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். எஸ்சிஆர் (.scr) என்று முடியும் சேவர் கோப்பு வெறும் படமன்று, முழுமையான நிரல். மீன்தொட்டியும் அருவியும் காட்டுவதாகச் சொல்லி மின்னஞ்சலில் வரும் அப்படிப்பட்ட கோப்பைத் திறப்பது, முன்பின் தெரியாதவர் தந்த நிரலைக் கணினியில் ஓட்டுவதற்குச் சமம்.

உள்நுழையும் இடத்தில் வரும் சிக்கல்களில் பல உண்மையில் கடவுச்சொல்லின் குற்றமே அல்ல. தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். விசைப்பலகை தமிழில் நிற்கும்போது கணினி பூட்டிக்கொண்டால், கடவுச்சொல் பெட்டியிலும் அதே விசைப்பலகை இருந்துவிடக்கூடும். அடிப்பது எல்லாம் புள்ளிகளாகவே தெரிவதால், சரியான கடவுச்சொல்லைத்தான் அடிக்கிறோம் என்று நம்பி, தவறு தவறு என்ற பதிலையே திரும்பத் திரும்பப் பெறுவார்கள். பூட்டுத்திரையின் வலப்புறக் கீழ்மூலையில் இருக்கும் மொழிக்குறியைப் பார்த்து, விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றினால் கதவு திறந்துவிடும். பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் சின்னத்தை அழுத்திப் பிடித்தால் என்ன எழுத்து விழுகிறது என்றும் காணலாம். கடவுச்சொல்லுக்குப் பதிலாக இடும் பின் (PIN) எண்ணை எண்பலகையில் அடிக்கிறவர்களுக்கு, அந்தப் பலகையை இயக்கும் 'நம் லாக்' (Num Lock) விசை அணைந்திருந்தால் பெட்டி காலியாகவே இருக்கும். பின் எண்ணைப் பலமுறை தவறாக இட்டால் 'ஏ1பி2சி3' என்று தட்டச்சு செய்யும்படி திரை கேட்கும். வைரஸ் புகுந்துவிட்டது என்று பதறி என்னை அழைத்தவர்கள் உண்டு; விசைப்பலகை சரியாக வேலை செய்கிறதா என்று விண்டோஸே செய்துகொள்ளும் சோதனை அது. ஆனால் பூட்டிய திரை போன்ற தோற்றத்தில் தொலைபேசி எண் ஒன்றைக் காட்டி அழைக்கச் சொன்னால் அது மோசடி. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் தருவதில்லை.

இப்போது தங்கள் இதழ் தந்த பதிலுக்கு வருகிறேன். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருப்பவர் கடவுச்சொல் இடத்தை வெறுமையாக விட்டு உள்ளே போகவே முடியாது. அதற்காக அவர் அந்த ஒரு கணினிக்குள் மட்டும் இருக்கும் உள்ளூர்க் கணக்குக்கு மாற வேண்டும். கணினியைத் திறந்ததும் நேரே உள்ளே போவதற்காகச் சிலர் வேறு வழியும் தேடுவார்கள். கட்டளை இட்டு நிரலைத் திறக்க உதவும் ரன் பெட்டியில் என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இசட் (netplwiz) என்ற எட்டு எழுத்துகளை இட்டால் திறக்கும் பெட்டியில், கடவுச்சொல் இட்டே நுழைய வேண்டும் என்ற வரிக்கு எதிரே உள்ள குறியை எடுப்பதுதான் அந்த வழி. அது கணினியைப் புதிதாகத் தொடங்கும் நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். சேவரிலிருந்தும் ஸ்லீப்பிலிருந்தும் திரும்பும்போது கேட்கும் கடவுச்சொல்லை அது தொடாது. ஆக, கேள்வி கேட்ட வாசகர் அவ்வழியே போயிருந்தால் காவலை ஓரிடத்தில் இழந்திருப்பார்; தொல்லை இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

கடவுச்சொல்லே இல்லாத கணக்கில் வேறு சில விளைவுகளும் உண்டு. அத்தகைய கணக்கைக் கொண்டு வலையமைப்பு வழியாக நுழைய விண்டோஸ் இயல்பாகவே அனுமதிப்பதில்லை என்பதால், வீட்டுக்குள் பகிர்ந்து வைத்திருந்த கோப்புறை இன்னொரு கணினியிலிருந்து திறக்காமல் போகும்; இந்த இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தோன்றாது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைக் காட்டுமுன் குரோமும் எட்ஜும் விண்டோஸின் கடவுச்சொல்லையோ பின் எண்ணையோதான் கேட்கின்றன. அந்தத் தடை போய்விட்டால், கணினிமுன் உட்காரும் எவரும் வங்கி, மின்னஞ்சல் ரகசியங்களை எழுத்தெழுத்தாகப் படித்துவிடலாம். கடவுச்சொல் நினைவில் நிற்கவில்லை என்று வருந்தும் முதியவர்களுக்கு அவர்களே தேர்ந்தெடுத்த பின் எண்ணையோ, கருவி இருந்தால் கைரேகையையோ அமைத்துக் கொடுப்பது எத்தனையோ மேல். பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. வேறொருவருக்குத் தெரிந்தாலும் அதைக்கொண்டு வெளியிலிருந்து கணக்குக்குள் நுழைய இயலாது. ஒரே கணக்கைக் குடும்பம் முழுவதும் பயன்படுத்துவதால் எழும் எரிச்சலுக்கும், ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்வதுதான் தீர்வு.

மேக் கணினியில் இவ்வளவு அலைச்சல் இல்லை. புதிய பதிப்புகளில் சிஸ்டம் செட்டிங்ஸின் லாக் ஸ்கிரீன் என்ற ஒரே பக்கத்தில் சேவர் நேரம், திரை அணையும் நேரம், கடவுச்சொல் கேட்க வேண்டிய இடைவெளி மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. வட்டில் உள்ளவற்றை மறைகுறியாக்கும் ஃபைல்வால்ட் இயங்கினால் தானியங்கி உள்நுழைவு கிடைக்காது என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும்.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. கணினி தொடர்பான கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறவர்கள், எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, என்ன நடந்த பிறகு கடவுச்சொல் கேட்கிறது என்பவற்றைக் கேட்டுப் பெற்ற பின்பே பதில் எழுத வேண்டும். அச்சில் வரும் பதிலிலும் அந்த விவரங்கள் இருக்க வேண்டும். அடுத்து, முன்பு தந்த பதிலுக்குத் திருத்தம் ஒன்றை அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும். அந்தப் பதிலைப் படித்துக் கடவுச்சொல்லை ஏற்கெனவே நீக்கிவிட்ட வாசகர்கள், அக்கவுண்ட்ஸ் பகுதியின் சைன்-இன் ஆப்ஷன்ஸில் பாஸ்வேர்ட் என்ற வரியைத் திறந்து, 'ஆட்' என்பதை அழுத்திப் புதிய கடவுச்சொல்லை அமைத்துக்கொள்ளலாம். எட்டு எழுத்துக் கட்டளையால் குறியை எடுத்தவர்கள் அதே பெட்டியில் குறியைத் திரும்ப இட்டால் போதும். இந்த இரண்டு வரிகளையும் திருத்தத்தோடு சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்